டயர் எத்தனை கிலோ தாங்கும்? பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிப்போம்

நம் கடைத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட்டு வாங்குகிறோம். ஐம்பது கிராம் குறைந்தாலும் வாடிக்கையாளர் கேட்பார், அதிகாரியும் கேட்பார். ஆனால் அந்தத் தராசில் நிறுக்கும் சரக்கை மண்டியிலிருந்து கடைக்குக் கொண்டுவரும் வண்டியின் டயர் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டால், நம்மில் பலர் ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்போம். ஓட்டுநர் பஞ்சர் கடைக்காரரைக் கைகாட்டுவார். நானும் 2016 வரை அப்படித்தான் இருந்தேன்.

அந்த ஆண்டு மே மாதம், கத்திரி வெயில் நேரம். எங்கள் சிறிய நான்கு சக்கரச் சரக்கு வண்டி திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்குச் சர்க்கரை ஏற்றிச் சென்றது. ஐம்பது கிலோ மூட்டை இருபத்திரண்டு. செம்பட்டி தாண்டியதும் பின்பக்க இடது டயர் வெடித்து, வண்டி சாலையோரப் பள்ளத்தில் சாய்ந்தது. ஒன்பது மூட்டை கிழிந்து மண்ணோடு போயிற்று. அது போனால் போகட்டும். ஓட்டுநர் தம்பிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து, ஐந்து வாரம் கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தார்.

வெடித்த டயர் பழையது அல்ல. இரண்டு மாதத்துக்கு முன் வாங்கியது. "அண்ணாச்சி, அதே சைஸுதான், விலையும் குறைச்சல்" என்று ஓட்டுநர் சொன்னார்; நான் பணம் கொடுத்தேன். சைஸ் என்னவோ அதேதான். பழைய டயரில் 145 ஆர் 12 எல்.டி. 8 பி.ஆர். என்றிருந்தது. புதியதில் 145/80 ஆர் 12 என்றிருந்தது. அகலமும் ரிம்மும் ஒன்றே. ஆனால் பழையதில் அதற்கடுத்து 86/84 என்றும், புதியதில் 74 என்றும் இருந்த எண்களை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. புதியது சிறிய காருக்கு உரிய டயர். கதை முழுவதும் அந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

எண்ணைப் படிக்கும் முறை

டயரின் பக்கச் சுவரில் அளவு எழுதியிருக்கும் இடத்தை ஒட்டி ஓர் எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். அந்த எண்தான் பாரக் குறியீடு. அது கிலோ அல்ல. கிலோவைக் காட்டும் அட்டவணையின் வரிசை எண். 74 என்றால் ஒரு டயருக்கு 375 கிலோ. 80 என்றால் 450 கிலோ. 86 என்றால் 530 கிலோ. 90 என்றால் 600, 100 என்றால் 800, 104 என்றால் 900. எண் ஆறு கூடினால் பாரம் ஆறு கிலோ கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. 80-லிருந்து 86-க்குப் போனால் ஒரு டயருக்கு 80 கிலோ கூடுகிறது. இந்த அட்டவணை உலகம் முழுவதும் ஒன்றே. அமெரிக்க டயரானாலும் ஜப்பான் டயரானாலும் நம் நாட்டு டயரானாலும் 86 என்பது 530 கிலோதான்.

சரக்கு வண்டி டயரில் இரண்டு எண்கள் சாய்வுக்கோட்டுடன் இருக்கும். முதல் எண், ஒரு பக்கத்துக்கு ஒரே டயராக மாட்டும்போது தாங்கும் எடை. இரண்டாவது எண், லாரியின் பின்சக்கரம் போல இரட்டையாக மாட்டும்போது ஒவ்வொரு டயரும் தாங்கும் எடை. எனவே 86/84 என்றால் ஒற்றைக்கு 530, இரட்டையில் ஒவ்வொன்றுக்கும் 500. எண்ணை அடுத்து வரும் எழுத்து வேகத்தைக் குறிக்கும். என் என்றால் 140 கிலோமீட்டர், பி என்றால் 150, கியூ என்றால் 160. நம் வண்டிகள் போகும் வேகத்துக்கு எழுத்தைப் பற்றி அதிகம் கவலை இல்லை. எண்ணைப் பற்றித்தான் கவலை.

இனி என் வண்டிக்கு வருகிறேன். விபத்துக்குப் பிறகு, அதே ரக வண்டி ஒன்றில் அதே இருபத்திரண்டு மூட்டையை அதே மாதிரி அடுக்கி, பின்சக்கரங்களை மட்டும் எடைமேடையில் நிறுத்திப் பார்த்தேன். 1,240 கிலோ. ஒரு டயருக்கு 620 கிலோ. 375 கிலோ தாங்கும் டயரின் மீது 620 கிலோ. டயர் கடைக்காரர் மீது கோபம் வந்தது உண்மைதான். ஆனால் சரியான 86 எண் டயரே இருந்திருந்தாலும் 530-க்கு மேல் 90 கிலோ கூடுதலாகத்தான் ஏற்றியிருக்கிறேன். ஆர்.சி. புத்தகத்தில் அனுமதித்த மொத்த எடை 1,550 கிலோ. அன்று வண்டி, ஆள், சரக்கு எல்லாம் சேர்த்து 2,000-ஐத் தாண்டியிருந்தது. காப்பீட்டுக்காக வந்த சர்வேயர் கேட்டவை இரண்டே இரண்டு: ஆர்.சி. புத்தகம், சரக்குச் சீட்டு. பிறகு கீழே குனிந்து டயரின் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார். இழப்பீட்டில் பெரும்பகுதி கைக்கு வரவில்லை. வாதாட எனக்கு வாயும் இல்லை.

பவுண்டு என்றால் எந்தப் பவுண்டு?

நாம் பேச்சில் "முப்பது பவுண்டு காற்று" என்கிறோம். அது ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம் என்பதன் சுருக்கம், பி.எஸ்.ஐ. என்று எழுதுவார்கள். ஆனால் அமெரிக்க முறையில் அச்சிட்ட டயரில் பாரத்தையும் பவுண்டில் எழுதுகிறார்கள். அதிகபட்ச பாரம் 1,168 எல்.பி.எஸ். என்று இருந்தால் அது எடைப் பவுண்டு. அதை 2.2-ஆல் வகுத்தால் 530 கிலோ வரும். 1,168 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு "ஒரு டயரே ஒரு டன்னுக்கு மேல் தாங்கும்" என்று ஏற்றியவர்களும் உண்டு.

காற்றழுத்தத்துக்கும் ஊருக்கு ஊர் அளவு வேறு. ஐரோப்பியர் பார் என்பர். 1 பார் 14.5 பவுண்டு. ஜப்பானியர் கிலோ பாஸ்கல் என்பர். 100 கிலோ பாஸ்கல் 1 பார். பழைய வண்டிகளில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று இருக்கும்; அதில் 1 என்பது 14.2 பவுண்டு. எனவே வண்டிக் கதவோரம் ஒட்டிய தாளில் 450 கே.பி.ஏ. என்றிருந்தாலும், வெளிநாட்டு மீட்டரில் 4.5 என்று காட்டினாலும், நம் பெட்ரோல் பங்கில் 65 பவுண்டு என்றாலும் மூன்றும் ஒன்றே.

நாட்டுக்கு நாடு வேறு புத்தகம்

பாரக் குறியீட்டு அட்டவணை ஒன்றே என்று சொன்னேன். ஆனால் அந்தப் பாரத்தை எந்தக் காற்றில் தாங்கும், எந்த எழுத்து எதைக் குறிக்கும் என்பதை வகுத்த அமைப்புகள் வேறு வேறு. அமெரிக்காவில் டயர் அண்ட் ரிம் அசோசியேஷன், ஐரோப்பாவில் இ.டி.ஆர்.டி.ஓ., ஜப்பானில் ஜாட்மா, நம் நாட்டில் ஐ.டி.டி.ஏ.சி. என்று தனித்தனி அமைப்புகள் தனித்தனிப் புத்தகம் வைத்திருக்கின்றன. கார் டயரில் வித்தியாசம் சிறிது. சாதாரண டயர் தன் முழுப் பாரத்தை ஐரோப்பியக் கணக்கில் 36 பவுண்டிலும், அமெரிக்கக் கணக்கில் 35 பவுண்டிலும் தாங்குகிறது. ஒரு பவுண்டில் குடி முழுகாது.

சரக்கு வண்டி டயரில்தான் ஆள் ஏமாறுவது. முக்கியமாக ஆங்கில எழுத்து சி. ஐரோப்பிய டயரில் 195/70 ஆர் 15 சி என்று ரிம் அளவை ஒட்டி சி வந்தால் அது சரக்கு வண்டி டயர் என்று பொருள். கமர்ஷியல் என்பதன் முதலெழுத்து. அந்த டயரில் 104/102 என்று எண் இருந்தால் 900 கிலோவும் 850 கிலோவும். ஆனால் அமெரிக்க டயரில் லோடு ரேஞ்ச் சி என்று எழுதியிருந்தால் அது ஆறு பிளை பலம் என்று பொருள். பொதுவாக 50 பவுண்டு காற்றுக்கு உரியது. டி என்றால் எட்டு பிளை, 65 பவுண்டு. இ என்றால் பத்து பிளை, 80 பவுண்டு. ஒரே எழுத்து, ஓரிடத்தில் ரகத்தையும் இன்னோரிடத்தில் பலத்தையும் சொல்கிறது. கடைக்காரர் "சி டயர், கனமானது" என்று சொன்னால் எழுத்தைக் கேட்காமல் எண்ணைக் கேளுங்கள். எண் பொய் சொல்லாது.

அமெரிக்க டயரில் அளவுக்கு முன்னால் பி என்ற எழுத்து இருந்தால் அது பயணிகள் கார் டயர். அதைச் சரக்கு வண்டியில் மாட்டினால் எழுதிய பாரத்தை 1.10-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் விதி. அதாவது 1,000 கிலோ என்று எழுதியிருந்தாலும் சரக்கு வண்டியில் 909 கிலோதான். கூடவைத் தலையில் வைத்துச் சுமப்பதற்கும் இடுப்பில் வைத்துச் சுமப்பதற்கும் உள்ள வித்தியாசம் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே விற்கும் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2009-ல் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. முத்திரை இல்லாத வெளிநாட்டு டயர், "கழற்றிய டயர்" என்று வரும் பழைய சரக்கு ஆகியவற்றில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் பிறந்த தேதி. 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். பட்டன் முழுதாக இருப்பதைப் பார்த்துப் புதியது என்று நம்பிவிடக் கூடாது. கடையில் கிடந்தே ரப்பர் கெட்டிருக்கும்.

பிளையை வாங்கினால் போதாது, காற்றையும் போட வேண்டும்

எட்டு பிளை என்றால் உள்ளே எட்டு அடுக்குத் துணி இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். பருத்தி நூல் காலத்தில் அப்படி இருந்தது. இப்போது அது பலத்தின் அளவு மட்டுமே. உள்ளே அடுக்கு குறைவாகவே இருக்கலாம்.

ஆனால் பாரத்தைத் தாங்குவது ரப்பரோ துணியோ மட்டும் அல்ல. உள்ளே அடைபட்ட காற்றுதான் வண்டியைத் தூக்கி நிறுத்துகிறது. துணியும் கம்பியும் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும் சாக்கு. இதே 145 ஆர் 12 அளவை ஜப்பானியப் புத்தகத்தில் பாருங்கள். ஆறு பிளை டயர் 350 கே.பி.ஏ. காற்றில், அதாவது 51 பவுண்டில், 450 கிலோ தாங்கும். எட்டு பிளை டயர் 65 பவுண்டில் 530 கிலோ தாங்கும். எட்டு பிளை டயருக்குக் காசு கொடுத்துவிட்டு 51 பவுண்டு காற்றோடு ஓட்டினால், கிடைப்பது ஆறு பிளையின் பலம்தான். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் தாங்கும் எடையில் சுமார் 15 சதவீதம் போய்விடும். குறைந்த காற்றில் டயரின் பக்கம் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்கிறது. கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பது போல. அந்த மடிப்பில் சூடு ஏறுகிறது. வெடிக்கும் டயர் பெரும்பாலும் காற்று அதிகமாகி வெடிப்பதில்லை. குறைந்து, சூடாகி, உள்ளே ஒட்டு விட்டுப் பிரிந்துதான் வெடிக்கிறது.

இதைக் கேட்டதும் ஓட்டுநர்கள் இன்னொரு எல்லைக்குப் போவார்கள். இருபது மூட்டைக்கு 65 என்றால் முப்பது மூட்டைக்கு 90 போட்டால் போயிற்று என்பார்கள். அது நடக்காது. பக்கத்தில் எழுதிய அதிகபட்சக் காற்றுக்கு மேல் போட்டால் தாங்கும் எடை என்று எந்த நாட்டுப் புத்தகமும் ஒரு கிலோவும் கூட்டிக் கொடுப்பதில்லை. நடு டிரெட் மட்டும் தேயும், குழியில் விழுந்தால் உள்நூல் அறும், ரிம்முக்கும் ஆபத்து.

இடையில் ஒரு சொல். அரிசிப் பைக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின், 25 கிலோ வரம்பைத் தாண்டுவதற்காகப் பல ஆலைகள் 26 கிலோ மூட்டை போடத் தொடங்கின. நாற்பது மூட்டை ஒரு டன் என்ற பழைய மனக்கணக்கில் ஏற்றினால் 40 கிலோ கூடுதல். சிறிய வண்டிக்கு அது ஓர் ஆளின் எடையில் பாதிக்கு மேல்.

வெயிலும் மலையும்

கதவோரத் தாளில் உள்ள காற்று அளவு, வண்டி ஓடாமல் ஆறி நிற்கும்போது பார்க்க வேண்டியது. காலையில், முதல் நடைக்கு முன். ஓடிய டயரில் சூட்டால் காற்றழுத்தம் ஏறியே காட்டும். மே மாதம் மதியம் பங்கில் நிறுத்தி மீட்டரைப் பார்த்து "ஏறிப்போச்சு" என்று காற்றை இறக்கிவிடுவது நம் ஓட்டுநர்களின் வழக்கம். ஆறியதும் அது குறைந்த காற்றாகிவிடும். மறுநாள் அதே டயரில்தான் பாரம் ஏறும். என் ஓட்டுநரும் அன்று காலை அப்படி இறக்கியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

தட்பவெப்பம் 10 டிகிரி மாறினால், 30 பவுண்டு டயரில் சுமார் ஒன்றரைப் பவுண்டும், 65 பவுண்டு டயரில் சுமார் இரண்டரைப் பவுண்டும் மாறும். மலைக்குக் காய்கறி எடுக்கப் போகும் அன்பர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி வெயிலில் 65 பவுண்டு பிடித்த வண்டி, சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் 10 டிகிரிக் குளிரில் விடியும்போது மீட்டரில் 61, 62 காட்டும். உயரத்தில் வெளிக்காற்று மெலிவதால் மீட்டர் மூன்று பவுண்டு கூட்டிக் காட்டும். குளிர் அதைவிட அதிகமாகக் குறைத்துவிடும். அங்கே 65 ஆக்கிக்கொண்டு கேரட் ஏற்றி இறங்கினால், கீழே வந்து வெயிலில் ஆறியபின் 68, 69 காட்டும். அது பயப்பட வேண்டிய அளவல்ல. குறைந்த காற்றில் கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு இறங்குவதுதான் பயப்பட வேண்டியது.

நைட்ரஜன் பிடித்தால் சூடாகாது என்று காசு வாங்குகிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் இரண்டு முறை காற்றுப் பார்ப்பவருக்கு அதனால் பெரிய ஆதாயம் இல்லை.

வெப்பமும் நான்கு பவுண்டு காற்றும் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கே உண்டு. ஃபோர்டு நிறுவனம் தன் எக்ஸ்ப்ளோரர் வண்டிக்கு 26 பவுண்டு காற்று போதும் என்றது. டயர் செய்த ஃபயர்ஸ்டோன் 30 பவுண்டு என்றது. டயரின் மேல்தோல் பிரிந்து வண்டிகள் உருண்டன. டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா போன்ற வெப்ப மாநிலங்களில்தான் அதிகம். அதற்கு முன்பே 1999-ல் சவுதி அரேபியா முதலிய வளைகுடா நாடுகளில் டயர்களை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். இந்தத் தொடரில் 271 இறப்புகளை அந்நாட்டு அரசு கணக்கிட்டது. டயர் குறையா, காற்றுக் குறையா, வண்டி அமைப்பின் குறையா என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று சாட்டின. குளிர்நாட்டில் தப்பிப் பிழைத்த அளவு, பாரமும் வேகமும் வெயிலும் சேர்ந்த இடத்தில் தப்பவில்லை என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

லாரி வைத்திருப்போர் கவனத்துக்கு

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப் பாரத்தை உயர்த்தியது. பின்னால் நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன் இருந்ததை 11.5 டன் ஆக்கியது. ஐரோப்பாவில் நாடு விட்டு நாடு ஓடும் லாரியின் இழுவை அச்சுக்கும் 11.5 டன்தான். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலையில் ஒற்றை அச்சுக்கு 20,000 பவுண்டு; நம் கணக்கில் 9 டன் சொச்சம். சட்டம் கூடியதும் பலர் மூட்டையைக் கூட்டினார்கள், டயரைப் பார்க்கவில்லை. 11.5 டன்னை நான்கால் வகுத்தால் ஒரு டயருக்கு 2,875 கிலோ. 10.00 ஆர் 20 அளவில் 16 பிளை டயர் 146/143. இரட்டையில் 143 என்றால் 2,725 கிலோ. நான்கும் சேர்ந்து 10,900. பழைய 10.2 டன்னுக்கு அது போதும், 11.5-க்குப் போதாது. 18 பிளை டயர் 149/146. இரட்டையில் 3,000 வீதம் 12 டன். அதுதான் பொருந்தும். பழைய வண்டிக்கு ஆர்.சி.யில் எழுதிய எடையே சட்டம் என்பதையும் மறக்க வேண்டாம். அதை மீறினால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

இரட்டை டயரில் இரண்டாவது எண் குறைவாக இருப்பது ஏன் என்று சிலர் கேட்டார்கள். இரண்டும் எப்போதும் சமமாகச் சுமப்பதில்லை. சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் இருப்பதால் உள் டயர் அதிகம் சுமக்கும். இரண்டுக்கும் நடுவே காற்றோட்டமும் குறைவு. உள் டயரின் வால்வுக்குக் கை எட்டாது என்று கிளீனர் வெளி டயருக்கு மட்டும் காற்றுப் பிடிப்பார். உள்ளே பத்து பவுண்டு குறைந்தாலும் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதன் பங்கையும் வெளி டயரே சுமக்கும். கட்டையால் தட்டிச் சத்தம் கேட்பது அனுபவசாலிகளுக்கும் ஏமாற்றுவேலைதான். வால்வுக்கு நீட்டுக் குழாய் போட்டுக்கொள்வது சின்னச் செலவு.

இப்போது நான் செய்வது இவ்வளவே. வண்டியின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே மட்கார்டில், ஆறிய நிலையில் எத்தனை பவுண்டு என்பதைப் பெயின்டில் எழுதியிருக்கிறேன். டயர் மாற்றினால் கடைச் சீட்டில் அளவோடு பாரக் குறியீட்டு எண்ணையும் எழுதி வாங்குகிறேன். எழுத மறுப்பவரிடம் வாங்குவதில்லை. கல்லாப் பெட்டியில் சொந்தமாக ஒரு காற்று மீட்டர் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுப் பாரத்தோடு பின்சக்கரத்தை மட்டும் எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பேன். இந்த எடையை எழுதித் தரச் சொன்னால் முதல் தடவை எடைமேடைக்காரர் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார்.

ஸ்டெப்னியைச் சொல்லாமல் விடக் கூடாது. எந்தச் சக்கரத்துக்கு மாற்ற நேரும் என்று தெரியாததால் அதில் பின்சக்கரத்தின் அளவுக்கே காற்று இருக்க வேண்டும், தேவைப்பட்டால் இறக்கிக்கொள்ளலாம். அதன் பாரக் குறியீடும் மற்றவற்றுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விபத்துக்கு மறுவாரம் எங்கள் வண்டியின் ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தோம். அதுவும் 74 எண் டயர். உள்ளே 22 பவுண்டு இருந்தது.